வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய வாத்தியமான டபுள் பேஸில் தனியாக வாசிக்க இத்தனை புதுப் படைப்புகள் எப்படி வந்தன?

என்னைக் கேட்டால் முதலில் சொல்ல வேண்டிய பெயர் டபுள் பேஸ் கலைஞர் பெர்ட்ராம் டுரெட்ஸ்கி. 1933இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். ஆர்க்கெஸ்ட்ராவின் பின்வரிசையில் நின்று மற்றவர்களுக்கு அடித்தளம் போடும் வாத்தியமாகவே பலரும் டபுள் பேஸைப் பார்த்த காலத்தில், இவர் இசையமைப்பாளர்களிடம் இதற்கென்றே தனியாக எழுதித் தரும்படி கேட்டார். அப்படி அவருக்காக 300க்கும் மேற்பட்ட படைப்புகள் பிறந்தன, ஒரு மனிதரின் விடாமுயற்சிக்கு இது சாதாரணக் கணக்கு இல்லை.

சரி, அவற்றில் என்ன புதுசு? வில்லைத் தந்தியில் இழைப்பதோடு விரலால் மீட்டுவது, மரப்பெட்டியைத் தட்டுவது, வாசித்துக்கொண்டே பேசுவது, பாடுவது எல்லாம் இசையின் பகுதியாகவே வரும். அப்புறம் 1974இல் இந்த உத்திகளை ஒரு நூலாகவும் எழுதினார், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் பல்லாண்டுகள் கற்பித்தார்.