8,000 விலைகளை ஒரே மூச்சில் மாற்றுவது எப்படி?

கேள்வி: கடைகளுக்கான ஸ்டாக் ஆப் எழுதுகிறேன். ஆண்ட்ராய்டு, ரூம் (போனில் தரவைச் சேமிக்க உதவும் ஆண்ட்ராய்டு லைப்ரரி). தினமும் காலையில் சர்வரிலிருந்து 8,000 பொருள்களின் புது விலை வருகிறது. லூப் போட்டு ஒவ்வொன்றாக அப்டேட் செய்தால் நிமிடக்கணக்கில் ஆகிறது, ஸ்கிரீனும் திணறுகிறது. என்ன வழி?

பதில்: உங்கள் லூப்பைச் சுற்றி டிரான்சாக்‌ஷன் இல்லை. அதுதான் சிக்கல். டிரான்சாக்‌ஷன் என்றால் பல மாற்றங்களை ஒரே தொகுப்பாகச் செய்வது: ஒன்று எல்லாம் பதியும், அல்லது எதுவுமே பதியாது. ரூமுக்கு அடியில் இருப்பது எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸ். தனியாக வரும் ஒவ்வொரு அப்டேட்டையும் அது ஒரு முழு டிரான்சாக்‌ஷனாகவே நடத்தும்: பூட்டும், எழுதும், கமிட் செய்யும் (நிரந்தரமாகப் பதியும்), திறக்கும். உங்களுக்கு இது 8,000 முறை நடக்கிறது. சாதாரணக் கணினியில் நொடிக்கு 50,000 இன்சர்ட் போகும், டிரான்சாக்‌ஷன் என்றால் சில டஜன்தான் என்று எஸ்கியூலைட் ஆவணமே சொல்கிறது. சுழலும் ஹார்டு டிஸ்க்கை வைத்துப் போட்ட கணக்கு அது. போனில் எண்கள் மாறும், காரணம் மாறாது.

ஆகவே முழு லூப்பையும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் வையுங்கள். அப்டேட் ஃபங்ஷனுக்குப் பொருள்களை லிஸ்ட்டாகக் கொடுத்தால் ரூமே அப்படித்தான் செய்யும். ஸ்கிரீன் திணறலும் இதிலேயே குறையும். ஒவ்வொரு கமிட்டுக்குப் பிறகும் ஃப்ளோ, லைவ்டேட்டா (தரவு மாறினால் ஸ்கிரீனைப் புதுப்பிப்பவை) எல்லாம் குவெரியை, அதாவது தரவைக் கேட்கும் கட்டளையை, திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தன. இனி ஒருமுறை ஓட்டினால் போதும். பாதியில் ஆப் நின்றாலும் பாதி பழைய விலை, பாதி புது விலை என்று பில் போடும் ஆபத்து இல்லை. கடைக்காரருக்கு வேகத்தைவிட இதுதான் முக்கியம் என்பேன். ஆனால் சர்வரிலிருந்து எல்லாத் தரவும் வந்து சேர்ந்த பிறகே டிரான்சாக்‌ஷனைத் தொடங்குங்கள். நெட்வொர்க்குக்காகப் பூட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தால் வேறு எதையும் எழுத முடியாது.

புதுப் பொருள்களும் சேர்ந்து வந்தால் பலர் 'இன்சர்ட் ஆர் ரீப்ளேஸ்' போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது பழைய வரிசையை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்கும். விற்பனை டேபிளில் அந்தப் பொருளுக்கு ஃபாரின் கீயும் (வேறு டேபிளின் வரிசையைச் சுட்டும் இணைப்பு) 'ஆன் டெலிட் கேஸ்கேட்'டும் (அந்த வரிசை அழிந்தால் இணைந்தவையும் அழியும் என்ற விதி) இருந்தால், விலை மாற்றப் போய் விற்பனைக் கணக்கே காணாமல் போகும். ரூம் 2.5 முதல் 'அப்செர்ட்' (இருந்தால் மாற்றும், இல்லையென்றால் சேர்க்கும்) இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். அது பிரைமரி கீயை (ஒவ்வொரு வரிசைக்கும் உள்ள தனி அடையாளம்) வைத்துத்தான் பழையதா புதியதா என்று பார்க்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் மெதுவாக இருந்தால் இண்டெக்ஸைப் (வரிசையைச் சட்டெனக் கண்டுபிடிக்க உதவும் பட்டியல்) பாருங்கள். பிரைமரி கீ அல்லாத பார்கோடை வைத்துப் பொருளைத் தேடுகிறீர்களா? அதற்கு இண்டெக்ஸ் இல்லையென்றால் ஒவ்வொரு அப்டேட்டும் டேபிள் முழுவதையும் படிக்கும்: 8,000 முறை 8,000 வரிசை, அதாவது 6.4 கோடி வரிசை. பார்கோடுக்கு ஒரு யூனிக் இண்டெக்ஸ் (ஒரே மதிப்பு இருமுறை வராதபடி காப்பது) போட்டுவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.