ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டின் 38 வயதிலேயே ரெஸ்லிங்கை விட்டது ஏன்?

கழுத்துதான் காரணம். 2002-இல் WWE கம்பெனியோடு மனஸ்தாபப்பட்டு வெளியேறியதைப் பலர் காரணமாகச் சொல்வார்கள். ஆனால் அதன் பிறகு அவர் திரும்பி வந்து, 2003 மார்ச் 30 அன்று சியாட்டிலில் இன்னொரு ரெஸ்லரான ராக்கிடம் தோற்றுவிட்டுத்தான் விடைபெற்றார்.

கழுத்துப் பிரச்சினை 1997 ஆகஸ்ட் 3 அன்று நடந்த சம்மர்ஸ்லாம் என்ற பெரிய ஷோவிலிருந்தே தொடர்ந்தது. இன்டர்காண்டினென்டல் சாம்பியன் பெல்ட்டுக்காக ஓவன் ஹார்ட்டுடன் மேட்ச். ஓவன் அவரைத் தலைகீழாகத் தூக்கி, தலை கீழே இருக்க அப்படியே இறங்கும் பைல்டிரைவர் போட்டார். ரெஸ்லர் அண்டர்டேக்கர் போடும் டூம்ஸ்டோன் என்ற பைல்டிரைவரைப் பார்த்திருப்பீர்கள். பிடி அதேதான், இறங்கும் விதம்தான் வேறு. அண்டர்டேக்கர் முழங்காலில் இறங்குவார். அப்போது தொடை செங்குத்தாக நிற்கும், அதற்கு நடுவில் இருக்கும் தலைக்கும் ரிங்கின் தரைக்கும் நல்ல இடைவெளி கிடைக்கும். அடியை முழங்கால் வாங்கிக்கொள்ளும். ஓவன் அன்று கால்களை முன்னால் நீட்டி உட்கார்ந்த வாக்கில் இறங்கினார். இப்படி இறங்கினால் தொடை தரையோடு படுத்துவிடும், தலைக்கு மிஞ்சுவது தொடையின் பருமன் அளவு இடம்தான். அதனால் தூக்கியவுடனே எதிராளியை இன்னும் மேலே ஏற்றி இறுக்கிப் பிடிக்க வேண்டும். அன்று அது நடக்கவில்லை, ஆஸ்டினின் உச்சந்தலை தொடைக்குக் கீழே துருத்திக்கொண்டு இருந்தது. இருவர் எடையும் சேர்ந்து அவர் கழுத்தில் இறங்கியது.

சற்று நேரம் அவரால் கை கால் அசைக்க முடியவில்லை. ஓவன் கூட்டத்தைச் சீண்டி நேரம் கடத்தினார். ஆஸ்டின் ஊர்ந்து வந்து, பெயருக்கு ஒரு ரோல்-அப் போட்டு, அதாவது எதிராளியைச் சுருட்டித் தோளைத் தரையில் அழுத்தி, பெல்ட்டை ஜெயித்தார். அந்த ரோல்-அப்பை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், பிடியில் பலமே இருக்காது.

நவம்பர் வரை மேட்ச் ஆட முடியவில்லை. ஆனாலும் செப்டம்பர் 22 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கம்பெனி முதலாளி வின்ஸ் மக்மேனுக்குத் தன் முத்திரை அடியான ஸ்டன்னரை முதல்முறையாகப் போட்டார். அடுத்த சில வருடங்கள் கம்பெனி ஓடியதே இந்தப் பகையில்தான்.

அதற்குப் பிறகு அவர் ஆட்டமே மாறியது. முன்பு பாய்ச்சலும் பிடியுமாக நுணுக்கமாக ஆடுவார். 1997-க்குப் பிறகு குத்து, உதை, ரிங்குக்கு வெளியே அடிதடி, கடைசியில் ஸ்டன்னர் என்று மாற்றிக்கொண்டார். ஸ்டன்னர் என்பது வயிற்றில் ஓர் உதை, திரும்பி எதிராளியின் தாடையைத் தன் தோளில் வைத்து அப்படியே உட்கார்வது, அவ்வளவுதான். வாங்குபவர் தலை தரையில் படாது. ஆனால் ஒவ்வொரு முறையும் தொப்பென்று உட்கார்ந்து அதிர்வை வாங்குவது ஆஸ்டினின் முதுகெலும்புதான். ஏற்கெனவே இரண்டு முழங்காலிலும் பிரேஸ் போட்டிருந்தவர் அவர். சேதமான கழுத்தோடு 1998-இல் ஷான் மைக்கேல்ஸை வென்று சாம்பியன் ஆனார் என்பதைத்தான் அவருடைய பெரிய சாதனையாகச் சொல்வேன்.

2000 ஜனவரியில் கழுத்து எலும்புகளை இணைக்கும் ஆபரேஷன் நடந்தது. அந்த இடம் உறுதியானாலும், இணைத்த எலும்புகளுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகளுக்குப் பளு கூடிவிடும். அதற்கு மேலும் மூன்று வருடம் ஆடினார்.

கம்பெனி பைல்டிரைவரைத் தடை செய்தபோது, முழங்காலில் இறங்கும் அண்டர்டேக்கருக்கும் கேன் என்ற ரெஸ்லருக்கும் மட்டும் விலக்கு தந்தது.

2022 ஏப்ரலில், 57 வயதில், டெக்சஸில் ரெஸ்லர் கெவின் ஓவன்ஸுடன் மட்டும் ஒரு மேட்ச் ஆடினார். அதையும் ஸ்டன்னர் போட்டுத்தான் முடித்தார்.