டெஸ்க்டாப் நிரலிலிருந்து ஹெச்டிடிபி வழியாக அனுப்பும் பெரிய கோப்பு பாதியில் நிற்பது ஏன்?

உங்கள் கேள்வியின் சாரம்: சி ஷார்ப்பில் எழுதிய விண்டோஸ் நிரல், ஹெச்டிடிபி கிளையன்ட் என்ற, இணையக் கோரிக்கைகளை அனுப்பும் ஆயத்தக் கருவி மூலம் கோப்புகளைச் சர்வருக்கு ஏற்றுகிறது. 5 எம்பி, 10 எம்பி கோப்புகள் போய்ச் சேர்கின்றன. 60 எம்பி கோப்பு மட்டும் ‘பணி ரத்து செய்யப்பட்டது’ என்ற பிழையோடு நின்றுவிடுகிறது. நீங்களோ எதையும் ரத்து செய்யவில்லை.

முதலில் ஒரு கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கோப்பை மறுபடி அனுப்புங்கள். 100 நொடியில் நின்றால் விஷயம் அங்கேயே முடிந்தது. ஹெச்டிடிபி கிளையன்ட் ஒரு கோரிக்கைக்குத் தரும் மொத்த அவகாசம், நாம் மாற்றாதவரை, 100 நொடிதான். அதைத் தாண்டினால் ‘நேரம் முடிந்தது’ என்று சொல்லாமல் ‘ரத்து’ என்கிறது. பலரைக் குழப்புவது இந்தச் சொல்தான். உங்கள் இணைப்பின் ஏற்றும் வேகம் நொடிக்கு 2 மெகாபிட் என்றால் நொடிக்கு 250 கேபி போகும். 100 நொடிக்கு 25 எம்பி. 10 எம்பி போவதற்கும் 60 எம்பி நிற்பதற்கும் கணக்கு சரியாக இருக்கிறது. டைம்அவுட் என்ற அந்த அவகாச மதிப்பைக் கூட்டுங்கள். வரம்பே வேண்டாம் என்று வைப்பவர்களும் உண்டு. நான் வைக்க மாட்டேன். செத்துப்போன இணைப்புக்காக நிரல் விடியவிடியக் காத்திருக்கும்.

இதோடு வேலை முடிந்தது என்று நினைத்தால் அடுத்த வாரம் வேறொரு கேள்வியோடு வருவீர்கள். நான் பட்டதைச் சொல்கிறேன்.

சிவகாசியில் ஓர் அச்சகத்துக்கு இப்படி ஒரு நிரல் எழுதினேன். அங்கே ஆடிப்பெருக்கு அன்று புதிய காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவார்கள். அதற்குப் பிறகு ஆர்டர்கள் குவியும். வெளியூர் முகவர்கள் கடைப் பெயர், சாமி படம் எல்லாம் சேர்த்த வடிவமைப்பை அனுப்ப வேண்டும். மின்னஞ்சலில் அடங்காத அளவு. பென் டிரைவில் போட்டு பஸ் பார்சலில் விடுவார்கள். அதற்கு மாற்றாகத்தான் ஒரே பொத்தான் கொண்ட என் நிரல்.

தயாராகக் கிடைப்பதை நம்பாமல், அனுப்பும் கோரிக்கையின் உடலை, அதாவது கோப்பைச் சுமக்கும் பகுதியை, கையாலேயே கட்டினேன். அந்த வடிவம் எளிமையானதுதான். 1995 நவம்பரில் வெளிவந்த ஆர்எஃப்சி 1867 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தில் ஜெராக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த நெபல், மாசின்டர் இருவரும் எழுதிய முறை அது. உலாவியின் படிவத்தில் கோப்பைச் சேர்ப்பதற்காக எழுதியது. நம் டெஸ்க்டாப் நிரல் இன்றுவரை உலாவி வேஷம் கட்டிக்கொண்டுதான் அந்த வாசலில் நுழைகிறது. ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் இரண்டு சிறுகோடுகளும் நாம் தேர்ந்தெடுத்த எல்லைச் சரமும். அதன் கீழ் புலத்தின் பெயர், கோப்பின் பெயர். ஒரு வெற்று வரி. பிறகு கோப்பின் பைட்டுகள். எல்லாம் முடிந்ததும் அதே எல்லைச் சரம், இம்முறை பின்னாலும் இரண்டு சிறுகோடுகளோடு.

நான் அந்தக் கடைசி வரியை எழுதாமல் விட்டுவிட்டேன். சர்வரில் கோப்பை வாங்கிக்கொண்டது பிஹெச்பி மொழியில் எழுதிய நிரல். ஒவ்வொரு கோப்புக்கும் பிழை எண் 3 என்று சொன்னது: ‘கோப்பு பாதிதான் வந்தது’. அனுப்பிய பைட்டுகளை எண்ணினேன், ஒன்றுகூடக் குறையவில்லை. இரண்டு நாள் இணைப்பைச் சந்தேகித்தேன், மோடத்தை மாற்றச் சொன்னேன், அச்சகக்காரரிடம் தொலைபேசி நிறுவனத்தைத் திட்டினேன். கடைசியில், இணையத்தில் போய்வருவதை அப்படியே காட்டும் ஃபிட்லர் என்ற கருவியைத் திறந்து, உலாவி அனுப்பியதையும் என் நிரல் அனுப்பியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் என்னுடையதில் வால் இல்லை என்று தெரிந்தது.

ஆகவே கையால் கட்டாதீர்கள். சி ஷார்ப் நிரல்கள் ஓடும் டாட்நெட் தளத்திலேயே, இந்த உடலைக் கட்டித்தரும் மல்டிபார்ட் ஃபார்ம்டேட்டா கன்டென்ட் இருக்கிறது. அதற்குள், கோப்பைச் சிறிதுசிறிதாகப் படித்து அனுப்பும் ஸ்ட்ரீம் கன்டென்ட்டைப் போடுங்கள். ஆனால் ஒரே ஒரு முறையாவது ஃபிட்லரில் அது என்ன அனுப்புகிறது என்று பாருங்கள். கோப்பின் பெயரைத் தமிழில் வைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. ஒரு முகவர் ‘முருகன் தினசரி’ என்று பெயரிட்ட கோப்பை அனுப்பினார். சர்வரில் அது சமக்குறியும் கேள்விக்குறியுமாகத் தொடங்கி, பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாக நீண்டு கிடந்தது. ஆஸ்கி என்ற ஆங்கில எழுத்துத் தொகுப்புக்குள் அடங்காத பெயரை டாட்நெட் மின்னஞ்சல் தலைப்புகளின் பாணியில் பேஸ்64 ஆக்கி, அதாவது வெறும் ஆங்கில எழுத்துகளும் எண்களும் சில குறிகளுமாக மாற்றி, அனுப்புகிறது. மறுபக்கம் அதை அவிழ்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டது. இதில் யார் மேல் தப்பு என்று வாதாடலாம், பயனில்லை. நான் கோப்புக்கு ஓர் எண்ணைப் பெயராகக் கொடுத்து, உண்மைப் பெயரைத் தனி உரைப் புலமாக, தமிழையும் தாங்கும் யுடிஎஃப்-8 குறியீட்டில் அனுப்பத் தொடங்கினேன். அதன் பிறகு முருகன் முருகனாகவே வந்தார்.

கோப்பு முழுவதையும் பைட் வரிசையாக நினைவகத்தில் ஏற்றி அனுப்பும் மாதிரி நிரல்கள் இணையத்தில் நிறைய. 32 பிட் நிரலில் 300 எம்பி கோப்போடு அதை முயன்றால் நினைவகம் போதவில்லை என்று விழுந்துவிடக்கூடும். பழைய ஹெச்டிடிபி வெப்ரிக்வெஸ்ட் பயன்படுத்துவோருக்கு ஒரு தனி எச்சரிக்கை: அது எழுதுவதையெல்லாம் முதலில் நினைவகத்தில் சேர்த்துக்கொள்ளும். முன்னேற்றப் பட்டை கண்ணிமைக்கும் நேரத்தில் 100 விழுக்காட்டைத் தொட்டுவிட்டு, அதன் பிறகு பத்து நிமிடம் அசையாமல் நிற்கும். அந்தச் சேமிப்பை அணைத்து, கோப்பின் நீளத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கோப்பை பேஸ்64 ஆக்கி ஜேசன் என்ற உரை வடிவத் தரவுக்குள் திணிப்பவர்களும் உண்டு. மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சுமை, கேட்டால் வசதி என்பார்கள்.

இனி மறுபக்கம். உங்கள் நிரல் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் சர்வர் தன் வரம்பை வைத்திருக்கும். பிஹெச்பி மாற்றப்படாமல் இருந்தால் ஒரு கோப்புக்கு 2 எம்பி, மொத்தக் கோரிக்கைக்கு 8 எம்பி. மொத்த வரம்பை மீறினால் படிவப் புலங்கள் எல்லாமே காலியாக வந்து நிற்கும், கோப்பே அனுப்பாததுபோல. இன்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளின் இயல்பு வரம்பு 1 எம்பி. அது 413 (கோரிக்கை மிகப் பெரிது) என்று பதில் எழுதிவிட்டு இணைப்பை மூடும்போது உங்கள் நிரல் இன்னும் அனுப்பிக்கொண்டே இருந்தால், அந்த 413 கண்ணில் படாமல் ‘இணைப்பு அறுந்தது’ என்று மட்டும் தெரியலாம். மைக்ரோசாஃப்ட்டின் சர்வர் மென்பொருளான ஐஐஎஸ்ஸில், மாற்றாதவரை, 3 கோடி பைட்டுக்கு மேல் போனால் கிடைப்பது 404, அதாவது பக்கமே இல்லையாம்! உள்ளே 13 என்ற துணை எண் இருக்கும். சர்வரின் பதிவேட்டைப் பார்க்காதவருக்கு அது தெரியப்போவதில்லை. உங்கள் 5, 10 எம்பி கோப்புகள் போவதால் அங்கே சிறிய வரம்புகள் இருந்திருந்தால் அவற்றை யாரோ ஏற்கெனவே உயர்த்தியிருக்கிறார்கள். 60க்கு உயர்த்தியிருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு மின்சாரம் போகும். 58 எம்பி போன பிறகு போகும். என் அச்சகத்தில் அதற்காகத்தான் முழுக்கோப்பை ஒரே கோரிக்கையில் அனுப்புவதையே கைவிட்டேன். கோப்பை 4 எம்பி துண்டுகளாக அனுப்புவது. ஒவ்வொரு துண்டுக்கும் சர்வர், இதுவரை தன்னிடம் இத்தனை பைட் இருக்கிறது என்று பதில் சொல்வது. நிரல் மறுபடி எழுந்ததும் முதல் வேலையாக அந்த எண்ணைக் கேட்டு அங்கிருந்து தொடர்வது. முன்னேற்றப் பட்டையும் சர்வர் ஒப்புக்கொண்ட எண்ணை வைத்தே நகரும், பொய் சொல்லாது. எல்லாத் துண்டும் சேர்ந்ததும் இரு பக்கமும் ஷா-256 என்ற, கோப்பின் கைரேகை போன்ற எண்ணைக் கணக்கிட்டு ஒத்துப்போனால் மட்டும் தற்காலிகப் பெயரை மாற்றி அச்சுக்கு விடுவோம். இதையே டஸ் என்ற திறந்த நெறிமுறை ஒழுங்காக வரையறுத்திருக்கிறது. அதற்கு டாட்நெட் நூலகங்களும் உண்டு. புதிதாகத் தொடங்கும் நீங்கள் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

இப்போதைக்கு டைம்அவுட்டை 30 நிமிடமாக்கி அந்த 60 எம்பி கோப்பை அனுப்பிப் பாருங்கள். மறுபடி நின்றால் எத்தனையாவது நொடியில் நின்றது, சர்வரில் இருப்பது என்ன மென்பொருள் என்ற இரண்டையும் கேள்வியில் சேர்த்துவிடுங்கள்.