டி.பி. மருந்து முடித்த பிறகும் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நுரையீரல் பழையபடி ஆகுமா?

ஆறு மாத மருந்து முடிந்தது, சளி நெகட்டிவ், எடையும் ஏறிவிட்டது, ஆனாலும் மாடிப்படியில் மூச்சு வாங்குகிறது என்கிறீர்கள். 2019-இல் நானும் இதே கேள்வியோடுதான் அலைந்தேன். நான் டாக்டர் இல்லை, தமிழ் வாத்தியார். பட்டதைச் சொல்கிறேன்.

எனக்கு வலது நுரையீரலின் மேல் மடலில் குழி விழுந்திருந்தது. சாக்பீஸ் தூசு என்று நினைத்து மூன்று மாதம் இருமல் டானிக்கிலேயே ஓட்டியதுதான் நான் செய்த தப்பு. மாத்திரை கிருமியைக் கொன்றது. அதற்குள் கிருமி தின்றது தின்றதுதான். புண் ஆறிய இடம் தழும்பாகி இறுகிவிடுகிறது, பக்கத்து மூச்சுக்குழாய்களையும் தன் பக்கம் இழுத்து வளைக்கிறது. சிலருக்குக் குழாய் நிரந்தரமாக அகன்றுபோய் அதில் சளி தேங்கும். சிலருக்கு நுரையீரலைச் சுற்றியுள்ள உறை தடித்துப்போகும். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. சீக்கிரம் கண்டுபிடித்து மருந்து தொடங்கியவர்களில் பலர் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கிறார்கள்.

மருந்து முடித்த கையோடு யாரும் எனக்கு மூச்சுப் பரிசோதனை எழுதித் தரவில்லை. "கிருமி போச்சு சார், வீட்டுக்குப் போங்க" என்றார்கள். வகுப்பில்தான் தெரிந்தது. குறள் என்றால் ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன், நாலடி வெண்பா மூன்றாம் அடியில் நின்றுவிடும். பையன்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு அவர்களே மிச்ச அடியைச் சொல்லிவிட ஆரம்பித்தார்கள்.

இதற்கு நடுவில் ஒரு கூத்து. சாதாரணக் காய்ச்சலுக்குப் போன இடத்தில் எக்ஸ்ரே எடுத்து, நிழலைப் பார்த்துவிட்டு, "திரும்ப வந்திருச்சு போல, மறுபடி மாத்திரை ஆரம்பிச்சிடலாம்" என்றார் ஒரு டாக்டர். பழைய தழும்பும் எக்ஸ்ரேயில் நிழலாகத்தான் விழும். மார்புநோய் நிபுணர் சளியைக் கல்ச்சருக்கு, அதாவது உயிருள்ள கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு, அனுப்பினார். ஒருமுறை டி.பி. வந்தவருக்கு மரபணுச் சோதனையில் செத்த கிருமிகூட பாசிட்டிவ் காட்டலாமாம், அதனால்தான் கல்ச்சர். முடிவு வர ஆறு வாரம் ஆனது. நெகட்டிவ். அந்த ஆறு வாரமும் என் தட்டு, தம்ளரை நானே தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன், யாரும் சொல்லவில்லை. தட்டு, தம்ளரால் டி.பி. பரவாது என்று தெரிந்தும்தான்.

அதற்கப்புறம்தான் ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுப் பரிசோதனை. மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் குழாயைக் கவ்வவைத்து, நெஞ்சு நிறைய இழுத்து ஒரே ஊதாக ஊதச் சொல்கிறார்கள். டெக்னீஷியன் பெண் பக்கத்தில் நின்று, "ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க சார், இன்னும், இன்னும்" என்று கத்துகிறார். உள்ளே காற்று தீர்ந்து கண்ணில் பூச்சி பறக்கும்போதும் "இன்னும்". இப்படி மூன்று தடவை. பிறகு இன்ஹேலர் நாலு பஃப், கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு மறுபடி ஊதல்.

முழு மூச்சில் வெளியேறிய காற்று 2.5 லிட்டர், என் வயது, உயரத்துக்கு 3.6 வர வேண்டுமாம். முதல் நொடியில் வந்தது 1.7, வர வேண்டியது 2.9. அதாவது நுரையீரலும் சுருங்கியிருக்கிறது, குழாயிலும் அடைப்பு. இன்ஹேலருக்குப் பிறகு ஏறியது வெறும் 60 மில்லி. ஆஸ்துமாவாக இருந்தால் நன்றாக ஏறியிருக்கும் என்றார் டாக்டர். என்னுடையது மருந்தால் திறக்கும் அடைப்பு இல்லை.

பிசியோதெரபிக்கு எட்டு வாரம் போனேன். உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சு விடுவது, சளியை வெளியேற்றும் பயிற்சி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிய நடை. முடிவில் ஸ்பைரோமெட்ரி எண் கிட்டத்தட்ட அப்படியேதான் இருந்தது. ஆனால் ஆறு நிமிட நடைச் சோதனையில் 380 மீட்டர் நடந்தவன் 450 நடந்தேன். தழும்பு இளகவில்லை, கால் தசை தேறியது, இருக்கிற மூச்சைச் சிக்கனமாகச் செலவழிக்கக் கற்றுக்கொண்டேன்.

ஆக உங்கள் கேள்விக்கு: மருந்து சாப்பிடும் மாதங்களிலும் அதையொட்டியும் தேற வேண்டியது பெரும்பாலும் தேறிவிடும், மிச்சம் தங்கிவிடலாம். எவ்வளவு தங்கியிருக்கிறது என்று யூகிக்காதீர்கள், ஸ்பைரோமெட்ரி எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். மருந்து முடிந்து 6, 12, 18, 24-ஆம் மாதங்களில் பரிசோதனைக்கு வரச் சொல்வார்கள், அதைத் தவறவிடாதீர்கள். பீடி, சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். இருமலில் ரத்தம் வந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போய்விடுங்கள். பழைய குழியில் பூஞ்சை உருண்டை கட்டினாலும் ரத்தம் வரும், டி.பி. திரும்பினாலும் வரும்.

வெண்பாவை இப்போது இரண்டிரண்டு அடியாகப் பிரித்துத்தான் சொல்கிறேன். மாடி வகுப்பு வேண்டாம் என்று தலைமையாசிரியரிடம் கேட்டுத் தரைத்தளம் வாங்கிக்கொண்டேன்.