பவுண்டு யார் கையில்?

கேள்வி: 2014-ஆம் ஆண்டுப் பொது வாக்கெடுப்பில் ஸ்காட்லாந்து மக்கள் தனிநாடு வேண்டாம் என்று சொன்னது, பணத்துக்குப் பயந்து தன்மானத்தை விட்டுக்கொடுத்ததாகத்தானே பொருள்? விடுதலை என்று வந்தபின் காசுக் கணக்குப் பார்க்கலாமா?

பதில்: பார்க்கத்தான் வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பர் 18 அன்று 84.6 சதவீத வாக்காளர்கள் வாக்களித்தார்கள். 16,17,989 பேர் வேண்டும் என்றும், 20,01,926 பேர் வேண்டாம் என்றும் சொன்னார்கள். பதினாறு வயதுப் பிள்ளைகள்கூட வரிசையில் நின்ற அந்த வாக்கெடுப்பின் முடிவைக் கோழைத்தனம் என்று நீங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. சம்பளம் எந்த நாணயத்தில் வரும், வாங்கிய வீட்டுக் கடனை எந்த நாணயத்தில் அடைப்பது, வங்கி விழுந்தால் வைப்புத்தொகைக்கு யார் பொறுப்பு என்று ஒரு குடும்பம் கேட்பது தன்மானத்துக்கு எதிரான கேள்வி அன்று; அமையப்போகும் அரசு எவ்வளவு சுதந்திரமாக இருக்கும் என்பதையே அது கேட்கிறது.

ஸ்காட்லாந்தின் பத்து பவுண்டு நோட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் பிரிட்டனின் மைய வங்கியான பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் பெயர் இராது. அங்குள்ள மூன்று வணிக வங்கிகளில் ஒன்றின் பெயர் இருக்கும். பார்வைக்குச் சொந்த நாணயம்தான். ஆனால் அந்த நோட்டுகளுக்கு ஈடாக, 'ஜயன்ட்' எனப்படும் பத்து லட்சம் பவுண்டு நோட்டுகளும் 'டைட்டன்' எனப்படும் பத்துக் கோடி பவுண்டு நோட்டுகளும், புழக்கத்துக்கு வராமலே, பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. அந்த ஈடுதான் நோட்டுக்கு மதிப்பைத் தருகிறது.

தனிநாடு கேட்ட ஸ்காட்லாந்து முதலமைச்சர் அலெக்ஸ் சால்மண்டின் அரசு, தனிநாடான பிறகும் லண்டனோடு நாணய ஒன்றியம் (இரு நாடுகளுக்கும் ஒரே நாணயம் என்ற ஏற்பாடு) அமைத்துப் பவுண்டையே வைத்துக்கொள்வோம் என்று வெள்ளை அறிக்கையில் வாக்குறுதி அளித்தது. அந்த ஒன்றியம் சரிவர இயங்க வேண்டுமானால் இறையாண்மையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க நேரும் என்று, பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் ஆளுநராக இருந்த மார்க் கார்னி 2014 ஜனவரியில் எடின்பரோவில் சொன்னார். அடுத்த மாதமே பிரிட்டன் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் ஒன்றியத்துக்கே இடமில்லை என்றார். தொழிற்கட்சியும் லிபரல் ஜனநாயகக் கட்சியும் அவரோடு சேர்ந்துகொண்டன. அது மிரட்டல் என்ற சால்மண்டின் கோபத்தில் எனக்கு உடன்பாடு உண்டு. மூன்று கட்சிகளும் ஒரே நேரத்தில் ஒரே கதவைச் சாத்தியதில் நிதிக் கணக்கைவிட அரசியல் கணக்கே மிகுதி. ஆனாலும், ஆகஸ்டு மாதத் தொலைக்காட்சி விவாதத்தில், 'வேண்டாம்' அணிக்குத் தலைமை தாங்கிய அலிஸ்டர் டார்லிங், பவுண்டு கிடைக்காவிட்டால் மாற்று ஏற்பாடு என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்டபோது, சால்மண்டிடமிருந்து நேரான விடை வரவில்லை. மக்களுக்கு அவர் பட்டிருந்த கடன் அந்த விடைதான்.

மற்றவற்றில் அவ்வளவு சிக்கல் இல்லை. பிரிட்டன் அரசின் பழைய கடன் பத்திரங்கள் அனைத்துக்கும் தானே பொறுப்பு என்று லண்டன் கருவூலம் முன்கூட்டியே அறிவித்துவிட்டது. எண்ணெய் வருவாய் மட்டும் பெரிய ஏமாற்றம்: வெள்ளை அறிக்கை பீப்பாய்க்கு நூறு டாலருக்கும் மேல் என்று கணக்கிட்டிருந்தது, 2016 ஜனவரியில் விலை முப்பது டாலருக்கும் கீழே போயிற்று.

நாணயத்தைப் பகிர்ந்துகொண்டே பிரிந்தவர்களும் உண்டு. 1993 ஜனவரி 1 அன்று பிரிந்த செக் குடியரசும் ஸ்லோவாக்கியாவும் சிறிது காலம் ஒரே நாணயத்தில் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டன. ஸ்லோவாக்கியாவிலிருந்து பணம் செக் வங்கிகளுக்கு ஓடத் தொடங்கவே, பிப்ரவரி 8-ஆம் தேதியே ஏற்பாடு முறிந்து, பழைய நோட்டுகளின் மேல் அஞ்சல் தலை போன்ற வில்லைகளை ஒட்டி இரண்டு நாணயங்களாகப் பிரித்தார்கள். அயர்லாந்தோ 1928-இல் தன் பவுண்டை அச்சிட்டும், 1979 வரை அதை இங்கிலாந்தின் பவுண்டுக்குச் சரிநிகராகவே கட்டி வைத்திருந்தது. வட்டி விகிதத்தில் டப்ளினுக்கு இருந்த சுதந்திரம் அந்தக் கட்டுக்கயிற்றின் நீளம்தான். இந்த மூன்று நாடுகளும் இன்று நன்றாகவே வாழ்கின்றன. அதனால் பிரிவே தவறு என்று நான் சொல்லவில்லை. விலை இன்னது என்று தெரிந்துகொண்டு ஆம் என்று சொல்லும் உரிமை வாக்காளருக்கு உண்டு என்கிறேன்.

2022 அக்டோபரில் ஸ்காட்லாந்து அரசு வெளியிட்ட புதிய அறிக்கை, முதலில் பவுண்டையே பயன்படுத்திப் பின்னர் சொந்த நாணயத்துக்கு மாறுவோம் என்று வெளிப்படையாகவே சொன்னது. எந்த ஆண்டில் மாறுவது என்பதை அது குறிக்கவில்லை.