வீடுகள் உபரியாக இருந்தும் வாடகை ஏறுவது ஏன்?

குடும்பங்களைவிட வீடுகள் அதிகம் என்று உங்கள் நகரின் வீட்டுத் தேவை மதிப்பீட்டு வரைவு காட்டும்போது வாடகை ஏன் ஏறுகிறது என்று கேட்டிருந்தீர்கள். மொத்த எண்ணிக்கைகளை மட்டும் ஒப்பிட்டதே சிக்கல் என்று கருதுகிறேன். பூட்டிக் கிடப்பவை, விடுமுறைக்கால வீடுகள், குடியிருக்கத் தகுதியற்றுச் சிதைந்தவை ஆகியவற்றை முதலில் கழித்துவிடுங்கள்.

தேவைப் பக்கம் இதைவிட நுட்பமானது. வாடகை கட்டுப்படியாகாமல் பெற்றோருடனேயே தங்கிவிட்ட மணமான பிள்ளைகளும், ஒரே அறையைப் பகிர்ந்துகொள்ளும் தொழிலாளர்களும் பல நேரங்களில் தனிக் குடும்பங்களாகப் பதிவாவதில்லை என்பதால், பற்றாக்குறை முற்றும்போது குடும்பங்களின் எண்ணிக்கையே சுருங்கி, தேவை குறைந்துவிட்டதுபோன்ற தோற்றம் உண்டாகிறது. ஆகவே ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் எத்தனை விழுக்காட்டினர் குடும்பத் தலைவர்களாக இருக்கிறார்கள் என்பதை, நெருக்கடிக்கு முந்தைய கணக்கெடுப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாடகை வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வழக்கமான வரம்பை மட்டும் நம்பிவிடாதீர்கள். வசதியுள்ளவர் 40 விழுக்காடு கொடுத்தும் சிரமமின்றி வாழக்கூடும். அடித்தட்டுக் குடும்பத்துக்கோ 25 விழுக்காடே உணவுச் செலவில் கைவைக்கும். வாடகை போக எஞ்சும் தொகை அடிப்படைச் செலவுகளுக்குப் போதுமா என்று வருமானப் பிரிவுவாரியாகக் கணக்கிடுவதே நேர்மையான முறை. குறைந்த வாடகை வீடுகளில் வசதியானவர்கள் குடியிருந்தால், அவற்றை ஏழைகளுக்குக் கிடைக்கும் இருப்பில் சேர்க்க வேண்டாம்.