பேட்டரி இல்லாமல் நாடி பார்க்கும் பட்டைகள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: வணக்கம் மேடம். உடம்பில் ஒட்டும் சென்சார் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும் என்கிறார்கள். அப்படியானால் பேட்டரியே வேண்டாமா?

பதில்: இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில், அளக்க வேண்டிய அசைவே மின்குறியாக (சிக்னலாக) மாறிவிடுகிறது. மணிக்கட்டில் பி.வி.டி.எஃப் என்ற பிளாஸ்டிக் படலத்தை ஒட்டினால், நாடி துடிக்கும்போதெல்லாம் அது லேசாக வளையும். உடனே அதன் இரு பக்கமும் மின்னூட்டம் தோன்றும். அந்தப் பிளாஸ்டிக்கின் இந்தக் குணத்தை 1969இல் ஜப்பானின் ஹெய்ஜி கவாய் வெளியிட்டார். இரண்டாவது வகை, உடல் வெப்பத்திலிருந்தோ அசைவிலிருந்தோ மின்சாரத்தைச் சேமித்து வேறொரு சென்சாரை ஓட்டுவது.

முதல் வகையில் மின்சாரம் கேட்காதது சென்சார் மட்டும்தான். குறியைப் பெருக்கி, எண்ணாக்கி, போனுக்கு அனுப்பும் சுற்றுக்கு மின்சாரம் வேண்டும். விளம்பரங்கள் இதைச் சொல்லாமல் விடும்போது எனக்குக் கோபம் வரும். வாங்கும் முன் "எந்தப் பகுதி பேட்டரி இல்லாமல் இயங்குகிறது?" என்று கேளுங்கள்.

கேள்வி: மேடம், நான் இறுதியாண்டு மாணவன். புராஜெக்டுக்கு உராய்வு மின் ஜெனரேட்டர் செய்தேன். தட்டினால் நூறு வோல்ட்டுக்கு மேல் வருகிறது. ப்ளூடூத் சிப்பை இணைத்தால் உயிரே வரவில்லை. ஏன்?

பதில்: நல்ல கேள்வி, தம்பி. 2012இல் விஞ்ஞானி ஜோங் லின் வாங்கின் குழு இதை அறிமுகப்படுத்தியதிலிருந்து எல்லோரும் முட்டி மோதும் இடம் இதுதான். வோல்ட் நிறைய இருக்கும், மின்னோட்டமோ மைக்ரோ ஆம்பியர் கணக்கில்தான். சிப் செய்தி அனுப்பும் நொடியில் சில மில்லி ஆம்பியர் கேட்கும். உங்கள் கருவியின் உள்மின்தடை மெகா ஓம் கணக்கில் இருப்பதால், சிப்பை நேரடியாக இணைத்ததும் மின்னழுத்தம் படுத்துவிடும்.

ரெக்டிஃபையர் (மாறி மாறி வரும் மின்னோட்டத்தை ஒரே திசையாக்கும் சுற்று) போட்டு, கசிவு குறைந்த கெப்பாசிட்டரில் மின்னூட்டத்தைச் சேருங்கள். போதுமான அளவு சேர்ந்த பிறகு மட்டும் சிப் விழித்து, ஒரு செய்தி அனுப்பிவிட்டு உறங்கட்டும். வோல்ட்டைக் குறைத்து மின்னோட்டத்தைக் கூட்டும் சுற்று நடுவில் இருந்தால் வீணாவது குறையும். அறிக்கையில் வோல்ட்டை மட்டும் எழுதாதீர்கள். வெவ்வேறு மின்தடைகளை இணைத்து, ஒவ்வொன்றிலும் கிடைக்கும் திறனை வரைபடமாகப் போடுங்கள். அதுதான் நேர்மையான அளவு.

கேள்வி: அம்மாவுக்கு இரவில் மூச்சுத் திணறல் வருகிறது. இப்படி ஒரு பட்டை கட்டிவிட்டால் நான் நிம்மதியாகத் தூங்கலாமா?

பதில்: இதை மட்டும் நம்பி நீங்கள் தூங்க வேண்டாம். மார்பு ஏறி இறங்குவதை இவை நன்றாகவே உணரும். ஆனால் குறி நின்றால், பட்டை நழுவியதா, மூச்சு தடைபட்டதா என்று அதற்குத் தெரியாது. உறக்கத்தில் அசைவும் குறைவு, அதனால் அசைவிலிருந்து கிடைக்கும் மின்சாரமும் குறையும். உடல் வெப்பத்தில் இயங்குபவையும் தோலுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டை நம்பியே இருக்கின்றன. போர்வைக்குள் அந்த வேறுபாடு சுருங்கிவிடும். திணறலை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டுக்கு எந்தக் கருவி வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும்.

கேள்வி: ரத்த அழுத்தம் காட்டுமா?

பதில்: நேரடியாகக் காட்டாது. இந்தப் படலங்கள் மாற்றத்தை மட்டுமே உணரும். அழுத்தம் ஒரே நிலையில் நின்றால் மின்னூட்டம் கசிந்துவிடும். நாடி அலையின் வடிவத்தையும் வேகத்தையும் கொண்டு கணித்துச் சொல்வார்கள். அதற்கும் கையில் கட்டிக் காற்றடிக்கும் ரத்த அழுத்தக் கருவியோடு அவ்வப்போது ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும்.

கேள்வி: வியர்த்தால் கெட்டுப்போகுமா?

பதில்: உராய்வு வகைக்கு ஈரம் பகை. மேற்பரப்பில் மின்னூட்டம் தங்காது. அதனால் சிலிக்கோனால் மூடிவிடுவார்கள். வியர்வையையே எரிபொருளாக்கும் வகையும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்! வியர்வையிலுள்ள லாக்டேட் என்ற வேதிப்பொருளை நொதி சிதைக்கும்போது எலெக்ட்ரான்கள் கிடைக்கின்றன. லாக்டேட் கூடினால் மின்னோட்டமும் கூடும், ஆக அளவீடும் அதிலேயே கிடைத்துவிடுகிறது. நொதி நாளடைவில் வீரியம் இழப்பதுதான் இன்னும் தீராத சிக்கல்.

கேள்வி: நாள் முழுக்க ஒட்டியிருந்தால் தோல் அரிக்காதா?

பதில்: பெரும்பாலும் பசைதான் காரணம். அக்ரிலேட் வகைப் பசை சிலருக்கு ஒவ்வாது. படலம் மெலிதாக இருந்தால் தோலோடு சேர்ந்து வளையும்: தடிமன் பாதியானால் வளைக்கத் தேவையான விசை எட்டில் ஒன்றாகிவிடும். தோல் சிவந்தாலோ கொப்புளம் வந்தாலோ உடனே கழற்றிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.